‘மாசம் ஆயிரம்தானே கூடும்?’: 9 லட்சத்தில் தொடங்கிய கார் 21 லட்சத்துக்கு ஏறிய கதை

கேள்வி: நாமக்கல்லில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 39. பிடித்தம் போகக் கையில் வருவது ரூ.76,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் ரூ.24,000. வீட்டுக் கடன் தவணை மாதம் ரூ.24,000. போன், ஏசி, டிவி எல்லாம் தவணையில் வாங்கியதில் இன்னொரு ரூ.6,400 போகிறது. மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. 2013-ல் வாங்கிய சின்னக் காருக்கு ஒன்றரை லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். புதிதாக ஹூண்டாய் எடுக்கலாம் என்று நான்கு மாதமாக எக்ஸ்டர், வென்யூ, கிரெட்டா மூன்றையும் ஒப்பிட்டு வருகிறேன். எக்ஸ்டரில் ஆரம்பித்து இப்போது கிரெட்டா டீசல் ஆட்டோமேட்டிக்கில் நிற்கிறேன். ஆன்ரோடு ரூ.21 லட்சம். 17 லட்சம் கடன், 7 வருடம். மீதிக்கு மனைவி நகையை வைத்து ரூ.2.5 லட்சம் வாங்கலாம் என்று இருக்கிறேன். கோவையில் இருக்கும் மைத்துனர், “எடுக்கறதுதான் எடுக்கறீங்க, டீசல் டாப் மாடலா எடுங்க. கொல்லிமலை ஏறணும்னா அதுதான் சரி” என்கிறார். அலுவலகம் 8 கிமீ தூரம். மாதம் 600 கிமீ ஓடும். மனைவி இப்போதுதான் கார் ஓட்டப் பழகுகிறார். டீசலா, டர்போவா, வென்யூவே போதுமா? ஒப்பீட்டு அட்டவணையை இணைத்துள்ளேன்.

பதில்: அட்டவணையைப் பார்த்தேன். 14 வேரியன்ட், 31 வரிசை. சன்ரூஃப் குரலுக்குத் திறக்குமா என்பதற்குக்கூட ஒரு வரிசை போட்டுப் பச்சை அடித்திருக்கிறீர்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர் கை தெரிகிறது. ஆனால் கடைசியில் வர வேண்டிய ஒரு வரிசை இல்லை: ஏழு வருடம் முடியும்போது இந்த வண்டிக்காக உங்கள் கையை விட்டுப் போன மொத்தப் பணம் எவ்வளவு? அந்த இடத்தில் ‘மாதத் தவணை’ என்று போட்டிருக்கிறீர்கள். உங்கள் சிக்கல் இன்ஜினில் இல்லை, அந்த ஒரு வரிசையில் இருக்கிறது.

எக்ஸ்டரில் இருந்து கிரெட்டாவுக்கு நீங்கள் ஒரே தாவலில் போகவில்லை. எக்ஸ்டர், எக்ஸ்டர் ஏஎம்டி (கிளட்ச் மிதிக்காமல் தானே கியர் மாறுவது), வென்யூ, வென்யூ டீசல், கிரெட்டா பெட்ரோல், கிரெட்டா டீசல் ஆட்டோமேட்டிக் என்று படி படியாக ஏறியிருக்கிறீர்கள். ஒவ்வொரு படிக்குப் பக்கத்திலும் ‘தவணை கூடுதல் ரூ.1,100’, ‘ரூ.2,400’ என்று நீங்களே குறித்து வைத்திருக்கிறீர்கள். போன், ஏசி, டிவி வாங்கியதும் இதே பழக்கத்தில்தான் என்பது அந்த ரூ.6,400-லிருந்து புரிகிறது. மொத்த விலையைப் பார்க்காமல் மாதத்துக்கு எவ்வளவு என்று மட்டும் பார்க்கும் பழக்கம் இது.

ஷோரூமில் இதை எப்படி வளர்க்கிறார்கள் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நண்பர் ஒருவருக்குத் துணையாகப் போயிருந்தேன். அடுத்த வேரியன்ட் 60,000 ரூபாய் அதிகம். விற்பனைப் பையன் கால்குலேட்டரில் தட்டி, திரையை நண்பரின் மனைவி பக்கம் திருப்பி வைத்தான். “965 ரூபாய்தான் மேடம். ஒரு நாளைக்கு 32 ரூபாய். ரெண்டு டீ, ஒரு வடை.” கணக்கு சரிதான், 9 சதவீத வட்டியில் 7 வருடத்துக்கு அப்படித்தான் வரும். ஆனால் 965-ஐ 84 மாதத்தால் பெருக்கிப் பாருங்கள், ரூ.81,000. அந்தப் பெருக்கலை அவன் போட்டுக் காட்டவில்லை, நண்பரும் கேட்கவில்லை.

இப்போது உங்கள் 17 லட்சத்துக்கு வருவோம். 9 சதவீதம், 84 மாதம் என்றால் தவணை சுமார் ரூ.27,350. மொத்தம் கட்டுவது ஏறக்குறைய ரூ.23 லட்சம், அதில் வட்டி மட்டும் 6 லட்சம். வீட்டுக் கடன் 24,000, கார் 27,350, பழைய தவணைகள் 6,400, நகைக் கடன் வட்டி மாதம் சுமார் 2,000 என்று கூட்டினால் ஏறக்குறைய ரூ.60,000. இருவர் சம்பளமும் சேர்ந்து ஒரு லட்சம். மீதி 40,000-ல் மளிகை, இரண்டு பிள்ளைகளின் ஃபீஸ், காருக்கு எண்ணெய், இன்சூரன்ஸ், மருத்துவம், உறவில் வரும் மொய், சீர் எல்லாம் நடக்க வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். மகள் பத்தாம் வகுப்பு என்கிறீர்கள். மூன்று வருடத்துக்குள் கல்லூரி வாசலில் நிற்பாள். அன்றைக்கு இந்தக் கார் கடனில் பாக்கி எவ்வளவு இருக்கும் தெரியுமா? 36 தவணை ஒழுங்காகக் கட்டிய பிறகும் ரூ.11 லட்சம். அவள் படிப்பு முடிகிற வரைக்கும் இந்தத் தவணை கூடவே வரும்.

நகைக் கடன் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. விவசாயத்துக்கோ, திடீர் ஆஸ்பத்திரிச் செலவுக்கோ நகையை வைப்பது வேறு. காருக்கு முன்பணம் கட்ட வைத்தால், வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிற வழக்கம் வந்துவிடும். மாதம் 60,000 தவணை போகும் வீட்டில் அசல் இரண்டரை லட்சத்தை எந்த மாதத்தில் எடுத்து வைப்பீர்கள்? டாப் மாடல் எடுக்கச் சொன்னது மைத்துனர், அடகுக்குப் போவது அவருடைய அக்காவோ தங்கையோ போட்டிருக்கிற நகை. இதை அவரிடம் நேராகவே சொல்லலாம், தப்பில்லை.

இனி இன்ஜின். கிரெட்டாவில் மூன்றும் 1.5 லிட்டர்தான்: சாதாரண பெட்ரோல் 115 பிஎஸ் (குதிரைத் திறன்), டர்போ பெட்ரோல் 160 பிஎஸ், டீசல் 116 பிஎஸ். நிறுவனம் சொல்லும் மைலேஜ்படி பெட்ரோல் ஐவிடி (ஆட்டோமேட்டிக்) 17.7 கிமீ, டீசல் ஆட்டோமேட்டிக் 19.1 கிமீ. மைத்துனர் மனதில் இருப்பது டீசல் மேனுவலின் 21.8 ஆக இருக்கலாம். நீங்கள் எடுக்கப்போவது அது இல்லையே. சரி, ஊருக்குள் ஓட்டும்போது பெட்ரோல் 12, டீசல் 15 கொடுக்கும் என்று டீசலுக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 7,200 கிமீ. பெட்ரோல் லிட்டர் 101 என்றால் வருடம் ரூ.60,600. டீசல் 92.50 என்றால் ரூ.44,400. மிச்சம் ரூ.16,200. உங்களிடம் உள்ள விலைப்பட்டியலில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை லட்சம். அதற்குச் சாலை வரி, இன்சூரன்ஸ் சேர்த்தால் 1.8 லட்சம். எடுத்த காசு திரும்பி வர 11 வருடம்! மாதம் 1,500 கிமீ ஓடுகிறவர் என்றால் நாலரை வருடத்தில் வந்துவிடும், அவருக்கு டீசல் சரி. உங்களுக்கு இல்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. அலுவலகம் 8 கிமீ தூரம் என்று எழுதியிருக்கிறீர்கள். பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது சூடேறித் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள அவ்வப்போது நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நீண்ட ஓட்டம் வேண்டும். தினமும் 8 கிமீ போய் நிறுத்துகிற வண்டியில் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும்.

டர்போவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல இன்ஜின், ஓட்டுவதில் ஆசை உள்ளவர்களுக்கு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் உங்கள் 2013 சின்னக் கார் இத்தனை வருடம் ஏறி இறங்கித்தானே இருக்கிறது? எலெக்ட்ரிக் கிரெட்டாவையும் ஓர் ஓரத்தில் சேர்த்திருக்கிறீர்கள். மாதம் 600 கிமீ ஓட்டத்துக்கு, எக்ஸ்டரைவிட அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலை எண்ணெய்க் காசில் திரும்பாது, எடுத்துவிடுங்கள்.

அட்டவணையில் நீங்கள் கவனிக்காத ஒன்று: எக்ஸ்டரிலும் வென்யூவிலும் இருப்பது 83 பிஎஸ் தரும் அதே 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். வென்யூவுக்கு மாறினால் கூடுதல் காசு இன்ஜினுக்குப் போகவில்லை, இடத்துக்கும் உள்ளலங்காரத்துக்கும் போகிறது. ஆறு ஏர்பேக் எக்ஸ்டரின் அடி வேரியன்ட்டிலேயே உண்டு. பாதுகாப்புக்காக மேலே போகிறேன் என்று சொல்ல முடியாது. ஏடாஸ் (ஓட்டுகிறவருக்கு உதவும் தானியங்கிப் பாதுகாப்பு வசதிகள்) வேண்டும் என்று அட்டவணையில் எழுதியிருக்கிறீர்கள். அதில் வண்டியைத் தடத்தில் நிறுத்தும் வசதி சாலையில் போட்ட கோட்டைப் பார்த்து வேலை செய்வது. சேந்தமங்கலம் ரோட்டில் எத்தனை இடத்தில் கோடு தெளிவாகத் தெரிகிறது என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

வரிக்கு வருவோம். யாரும் இதை வரிசை போட்டு ஒப்பிடுவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது. 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் இருந்தால் 18 சதவீதம். கிரெட்டா 4.33 மீட்டர், அதற்கு 40 சதவீதம். ‘ஜிஎஸ்டி குறைந்துவிட்டது, இப்போதே எடுங்கள்’ என்று ஷோரூமில் யாராவது சொல்லியிருந்தால், இந்த வித்தியாசத்தைச் சொன்னாரா? அதற்கு மேல் தமிழ்நாட்டுச் சாலை வரி: 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. ஷோரூம் விலை 17 லட்சம் உள்ள கிரெட்டாவில் ஜிஎஸ்டி சுமார் 4.86 லட்சம், சாலை வரி 3.06 லட்சம், ஆக ஏறக்குறைய 8 லட்சம் வரி. 8 லட்சம் விலையுள்ள எக்ஸ்டரில் இரண்டும் சேர்ந்து இரண்டே கால் லட்சம்தான். கிரெட்டாவுக்குக் கட்டுகிற வரியில் இன்னொரு எக்ஸ்டரே வாங்கலாம்.

அந்த 10 லட்சக் கோட்டை நன்றாக நினைவில் வையுங்கள். வென்யூவில் 9.9 லட்சத்துக்கு ஒரு வேரியன்ட், 10.2 லட்சத்துக்கு அடுத்தது என்று வந்தால், முப்பதாயிரம்தானே என்று கை போகும். சாலை வரி 1.29 லட்சத்திலிருந்து 1.84 லட்சத்துக்குத் தாவும். முப்பதாயிரம் வித்தியாசம் எண்பத்தைந்தாயிரம் ஆகிவிடும். இதற்கு மேல் 1 சதவீத டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அன்றைக்குக் கையிலிருந்து போவது போவதுதான்.

நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவர் யாரையாவது கேளுங்கள். வண்டி என்ன விலை என்று பேசமாட்டார், கிலோமீட்டருக்கு என்ன அடக்கம் என்றுதான் பேசுவார். அவர் போடுகிற மாதிரிப் போட்டுப் பார்த்தேன். பழைய கார், நகைக் கடன், தவணை எல்லாம் சேர்த்து கிரெட்டாவுக்கு 27 லட்சம் போகிறது. ஏழு வருடம் கழித்து 8 லட்சத்துக்கு விற்றாலும், ஓடிய 50,400 கிமீக்கு, எண்ணெய் போடாமலேயே கிலோமீட்டருக்கு ரூ.38 அடக்கம். நான் சொல்லப்போகும் வழியில் ரூ.15-க்குள் வரும்.

அந்த வழி இது. எக்ஸ்டர் 1.2 பெட்ரோல், நடு வேரியன்ட், ஏஎம்டி கியருடன். மனைவி பழகும் நேரம் என்பதால் கிளட்ச் இல்லாத வண்டிக்கு அறுபதாயிரம் எழுபதாயிரம் கூடுதலாகக் கொடுப்பதை நான் தடுக்கமாட்டேன். தினமும் பயன்படப்போவது அது, சன்ரூஃப் அப்படி இல்லை. ஆன்ரோடு ஒன்பதரை லட்சத்துக்குள் முடியும். ஆனால் இன்றைக்கு புக் பண்ண வேண்டாம். மாதம் 27,000 கட்ட முடியும் என்று நம்புகிறீர்கள் அல்லவா? அடுத்த ஆறு மாதம் அதே 27,000-ஐ சம்பளம் வந்த மறுநாளே வங்கி ஆர்டியில் (மாதாந்திரச் சேமிப்பு) போடுங்கள். போட முடிந்தால் 1.62 லட்சம் சேர்ந்திருக்கும். மூன்றாவது மாதமே மூச்சு முட்டினால், ஏழு வருடக் கடனில் சிக்காமலே விஷயம் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கார் ஒன்றரை லட்சம், ஆர்டி 1.62 லட்சம் போக, 6.4 லட்சம் கடன், நான்கே வருடம். தவணை சுமார் ரூ.15,900, மொத்த வட்டி 1.25 லட்சத்துக்குள். அந்த ஆறு மாதத்தில் போனுக்கும் டிவிக்கும் போகிற தவணையில் ஒன்றிரண்டு முடிந்துபோகும். முடிந்த இடத்தில் புதிதாக ஒன்றைத் தொடங்காதீர்கள்.

சாமான்கள், கோவை பயணம், பெரியவர்கள் என்று இடம்தான் வேண்டும் என்றால் அதே 1.2 பெட்ரோலில் வென்யூ எடுக்கலாம், 10 லட்சக் கோட்டுக்குக் கீழே. அதற்கு ஆறு மாதத்துக்குப் பதில் பத்து மாதம் சேருங்கள்.

நீங்கள் அனுப்பிய கொட்டேஷனில் செராமிக் கோட்டிங் ரூ.25,000, அக்சஸரி பேக் ரூ.38,000 என்று இருக்கிறது. எந்த வண்டி எடுத்தாலும் இரண்டையும் அடித்துவிடச் சொல்லுங்கள். இன்சூரன்ஸில் மூன்று வருட மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும்தான் எல்லா நிறுவனத்திலும் ஒரே தொகை, 1,000 முதல் 1,500 சிசி வரை ரூ.10,640-உம் வரியும். சொந்தச் சேதத்துக்கான பகுதியை வெளியில் இரண்டு நிறுவனங்களில் கேட்டு, குறைந்ததைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எடுக்கும் தேதியையும் நகை வீட்டிலேயே இருக்கும் என்பதையும் மனைவியோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு மைத்துனருக்குப் போன் போடுங்கள்.