ஆடி வெயிலை நம்பி நட்டவை – கடிதம்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வேலையின் பொருட்டு நான் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வாடகை வீட்டின் பின்புறம், ஓடையை ஒட்டிய பள்ளத்தில், ஐந்து பாத்திகள் போட்டிருக்கிறேன். இவ்வாண்டு ஆடிக் கடைசி வாரத்தில் வெயில் 31 டிகிரி வரை ஏறியதால், குளிர்காலம் முடிந்துவிட்டது என்று எண்ணித் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளை நட்டேன். மூன்றாம் நாள் தூறலும் குளிரும் வந்தன. ஐந்தாம் நாள் காலையில் புல்லெல்லாம் வெளுத்திருந்தது. நாற்றுகள் வெந்நீர் ஊற்றியவை போலக் கிடந்தன. அன்று கைபேசிச் செயலி காட்டிய குறைந்த வெப்பம் 3 டிகிரி. புரட்டாசியில் மறுபடி நட்டேன். இம்முறை ஒரே பகலில் வீசிய அனல்காற்று பாதியைக் கருக்கிவிட்டது. ஊரில் அப்பா பட்டம் பார்த்துத்தான் விதைப்பார். இங்கே எந்தப் பட்டத்தைப் பார்ப்பது? செயலியை நம்பலாமா? எல்லாம் பருவநிலை மாற்றம்தானா? மூன்றாம் முறை நடலாமா?

எஸ்.,
பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அன்புள்ள எஸ்.,

உங்கள் இரண்டு இழப்புகளையும் நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டிலும் கை வைத்தது ஒரே காற்று என்பது என் எண்ணம். இங்குள்ளவர்கள் அதைப் பெர்க் காற்று என்பார்கள்; பெர்க் என்றால் மலை. ஆடிக் கடைசியில் 31 டிகிரி காட்டி உங்களை நடவைத்ததும் அதுதான், புரட்டாசியில் உங்கள் பாத்திகளைக் கருக்கியதும் அதுதான்.

அது வரும் விதத்தை அறிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தென்னாப்பிரிக்காவின் உட்பகுதி ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலம். குளிர்காலத்தில் அதன் மேல் உயரழுத்தம் அமர்ந்திருக்கிறது. தென்மேற்கிலிருந்து ஒரு குளிர்முகப்பு, அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, நெருங்கும்போது, அதற்கு முன்னால் கடற்கரையை ஒட்டி ஒரு தாழ்வழுத்தம் ஓடிவருகிறது. மேட்டுநிலக் காற்று அதை நோக்கி மலைச்சரிவு வழியாக இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தப்படுவதால் 100 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் சூடாகிறது, சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பகுதி சுடுவதைப் போல. மேலே 20 டிகிரியாக இருந்த காற்று நம் ஊர் உயரத்துக்கு வந்து சேரும்போது 30 டிகிரியை நெருங்குவதும், ஈரப்பதம் அடியோடு வற்றிவிடுவதும் இதனால்தான். குளிர்காலத்தின் நடுவில் வரும் இந்தச் சூட்டுக்கும் கோடைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. குளிர்முகப்பு வாசலில் நிற்கிறது என்பதற்கு அது அடையாளம். நீங்கள் விருந்தாளி என்று எண்ணி வரவேற்றது குளிரின் கட்டியக்காரனை.

பிறகு நடந்ததும் வரிசை தவறாமல் நடந்திருக்கிறது. காற்று தென்மேற்குக்குத் திரும்பியதும் வெப்பம் சட்டென்று பத்துப் பதினைந்து டிகிரி வீழ்ந்தது, தூறல் வந்தது. தூறல் நின்று மேகம் விலகியபோதுதான் உண்மையான ஆபத்து தொடங்கியது. மேகமில்லாத, காற்றசையாத, வறண்ட இரவில் தரை தன் வெப்பத்தையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது ஆதலால் நீரைப் போலவே பள்ளம் தேடி ஓடும். நம் நகரமே மலைகளுக்கு நடுவில் கிண்ணம் போல அமைந்தது. குளிர்கால விடியலில் புகை மேலெழாமல் நகரின் மீதே தேங்கிக் கிடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதே நகரின் நார்த்டேலில் மேட்டிலுள்ள என் தோட்டத்தில் உறைபனி படியாத இரவிலும் உங்கள் ஓடைக்கரையில் படியும்.

செயலி பொய் சொல்லவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வானிலை நிலையங்களில் வெப்பமானி தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், நிழற்கூண்டுக்குள் இருக்கிறது. அமைதியான இரவில் புல் நுனியின் வெப்பம் அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். எனவே 3 டிகிரி என்பது நிற்கும் மனிதனின் மார்புக்கு உரிய எண். உங்கள் நாற்றுக்கு உரியது சுழியமோ அதற்குக் கீழோ. மேலும், செயலிகள் பயன்படுத்தும் கணினி மாதிரிகள் நிலத்தைப் பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்துக் கணிப்பவை. அந்தக் கட்டத்துக்குள் உங்கள் பள்ளமும் என் மேடும் ஒன்றுதான். ஆகவே அடுத்த மூன்று நாள் கணிப்பை நம்புங்கள், உங்கள் பள்ளத்துக்காக மூன்று நான்கு டிகிரியைக் கழித்துக்கொண்டு. பத்தாம் நாள் கணிப்பைப் பொழுதுபோக்காகப் படிக்கலாம். நான் செயலியைவிட அதிகமாகப் பார்ப்பது கேப் டவுனின் வானிலையை. இன்று அங்கே மழையும் குளிரும் என்றால், பெரும்பாலும் ஓரிரு நாளில் அந்த முகப்பு நம்மை வந்தடையும். நடுவில் நமக்கு வெயில் கொளுத்தினால் மகிழ்ந்துவிடாமல் நாற்றுத் தட்டை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்குக்கும் அடங்காத ஒன்று உண்டு. மேல்வானத்தில் மேற்கிலிருந்து ஓடும் காற்றோட்டத்திலிருந்து ஒரு குளிர்ச்சுழி அறுந்து தனியே நின்றுவிடும். 'கட் ஆஃப் லோ' என்று அறிக்கையில் சொல்வது அதைத்தான். அது எங்கே நகரும், எத்தனை நாள் நிற்கும் என்று கணிப்பது கடினம். இலையுதிர் காலத்திலும் இளவேனிலிலும் அது அடிக்கடி தோன்றும். 2024 செப்டம்பர் 20, 21 ஆம் நாள்களில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் என்3 நெடுஞ்சாலையில் வாகனங்கள் பனியில் சிக்கிக்கொண்டது அதன் கைவரிசை. அப்போது புரட்டாசி பிறந்து சில நாள்களே ஆகியிருந்தன. வீட்டில் அசைவம் நிறுத்தியாயிற்று, தோட்டத்துக் காய்க்குத் தேவை மிகுந்த மாதம் என்ற ஆசையில் அதற்கு முந்தைய வாரம் நாற்பது கத்தரி நாற்றுகளை நட்டிருந்தேன். உறைபனி என் மேட்டுக்கு வரவில்லை. ஆனால் கத்தரி வெப்பநாட்டுச் செடி. பத்து டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் நின்றால் உறையாமலே நோகும். குளிர்ந்த ஈரத்தில் வேர் அழுகி இருபத்தெட்டு போயின. மீதி பன்னிரண்டும் செத்தும் சாகாமலும் நின்று, நான் அக்டோபரில் நட்டவற்றுக்குப் பின்னால்தான் காய்த்தன. முந்தி நட்டதால் ஒரு நாள்கூட மிச்சமாகவில்லை என்பதை அன்று குறித்து வைத்தேன்.

பட்டம் பற்றிக் கேட்டீர்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் வந்திறங்கியவர்கள் தொடங்கி நம்மவர்கள் பஞ்சாங்கத்தை இங்கே கொண்டுவந்தார்கள். வானத்தைக் கொண்டுவர முடியவில்லை. மாரியம்மன் கோயில்களில் இன்றும் ஆடியில் கூழ் ஊற்றுகிறோம், அதற்குப் 'போரிட்ஜ் பிரேயர்' என்று பெயரும் வைத்துவிட்டோம். ஆனால் அந்த ஆடி இங்கே வறண்ட குளிர்காலம். ஆடிப்பட்டம் தேடி விதைத்தால் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும். கார்த்திகைக்குப் பின் மழை இல்லை என்ற பழமொழியோ தலைகீழ். நமக்குக் கோடை மழை முறையாகப் பிடிப்பதே அக்டோபர், நவம்பரில்தான், அது மார்ச் வரை நீளும். வேடிக்கை என்னவென்றால், ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மட்டும் கடல் கடந்தும் பொய்க்கவில்லை. ஆகஸ்ட் காற்று இங்கே கூரைத் தகட்டையே அசைத்துப் பார்க்கும். ஆடியில் மண்ணைச் சும்மா விட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. வெந்தயக்கீரை, கொத்தமல்லி, பட்டாணி, முள்ளங்கி, கோஸ் எல்லாம் இந்தக் குளிரில் செழிக்கும். தஞ்சாவூரில் உங்கள் அப்பாவுக்கே இவ்வளவு நல்ல கொத்தமல்லி எளிதில் வாய்க்காது.

இந்த மண்ணுக்கென்று பட்டம் அறிந்தவர்கள் நமக்கு முன்பே இருக்கிறார்கள். சூலுக்கள் உம்சின்சி என்று அழைக்கும் மரம் நம் கல்யாண முருங்கையின் நெருங்கிய உறவு. இலையற்ற கிளைகளில் அது சிவப்பாகப் பூக்கும்போது அவர்கள் நடவுக்கு ஆயத்தமாவார்கள். பிறகு மழையை ஒட்டிச் செம்மார்புக் குயில் வந்து மூன்று சுரத்தில் விடாமல் கூவும். உபெசுகொம்கோனோ என்பது அதன் பெயர், மண்வெட்டியைக் கையிலெடு என்ற அழைப்பாகவே அதைக் கேட்பார்கள். பூவைக் கண்டதும் விதையைக் குழித்தட்டில் போடுகிறேன். குயிலைக் கேட்ட பிறகு தரையில் நடுகிறேன். மரமும் பறவையும்கூடப் பிசகக்கூடும் என்பதால், காலை எட்டு மணிக்கு விரலாழத்து மண்ணில் ஒரு சமையல் வெப்பமானியைச் செருகிப் பார்ப்பதும் உண்டு. தொடர்ந்து ஒரு வாரம் 16 டிகிரிக்கு மேல் இருந்தால் தக்காளி; மிளகாயும் கத்தரியும் 20 டிகிரிக்குக் காத்திருக்கட்டும்.

பருவநிலை மாற்றமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்வேன். புவி வெப்பமடைவது உண்மை. 2022 ஏப்ரலில் நம் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்ற மழை போன்றது நிகழும் வாய்ப்பை அது ஏறத்தாழ இருமடங்காக்கியது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். ஆயினும் நேட்டாலின் இளவேனில் என்றுமே சாதுவாக இருந்ததில்லை. உம்கேனிக் கரையில் காய்கறி பயிரிட்ட நம்மவர்களை ஆறு வாரிச் சென்றது 1917 அக்டோபரில். இம்மாகாணத்தை வெள்ளம் சூழ்ந்த இன்னொரு முறை 1987 செப்டம்பர். உங்கள் ஐந்து பாத்திகளின் இழப்பைப் புவியின் கணக்கில் எழுத வேண்டாம். அது காற்றின் குணம் அறியாமல் நட்டதன் கணக்கு.

மூன்றாம் முறை தாராளமாக நடுங்கள், காலம் இருக்கிறது. ஆனால் இருக்கும் நாற்றுகளை மூன்றாகப் பிரித்து, இரண்டு வார இடைவெளியில் நடுங்கள். மீண்டும் பெர்க் காற்று வரும் என்று தெரிந்தால், முதல் நாள் மாலையிலேயே வேர் ஆழத்துக்கு நீர் விட்டு, நிழல்வலையைக் காற்று வரும் வடமேற்குப் பக்கமும் மறைக்கும்படி கட்டுங்கள். நடுப்பகலில் வாடிய இலைமேல் தண்ணீர் தெளிப்பதால் பெரிய பயன் இல்லை. அதே வலை நவம்பர் மாலைகளில் இடியோடு வரும் ஆலங்கட்டி மழைக்கும் உதவும், நடுவில் உயர்த்தி இருபுறமும் சரிவாகக் கட்டியிருந்தால். தொய்வாகக் கட்டினால் ஆலங்கட்டி தேங்கி, கனம் தாங்காமல் செடிமேலேயே விழும். மூடாக்கைப் பற்றியும் ஒன்று: கோடையில் அது ஈரத்தைக் காக்கும், ஆனால் உறைபனி இரவில் மண்ணின் சூடு மேலே வராமல் தடுத்துவிடும். அடுத்த ஆண்டு குளிர்காலத்தில் நாற்றைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வைக்கோலை விலக்கி, வெறும் ஈரமண்ணை விட்டுப் பாருங்கள்.

ஊரிலிருந்து விதை வருவிக்கும் எண்ணம் இருந்தால் இறக்குமதி அனுமதி இல்லாமல் அஞ்சலில் அனுப்பச் சொல்லாதீர்கள். சுரை, புடலை, கொத்தவரை விதைகள் என்னிடமே இருக்கின்றன, வந்து வாங்கிக்கொள்ளலாம். கடிதத்தோடு அனுப்பிய படத்தில் மூலையில் ஒரு கறிவேப்பிலைச் செடி கருகிய நுனியோடு தெரிகிறது. அதை நீங்கள் இதுவரை வெட்டாமல் விட்டது நல்லதே, கருகிய இலைகள் உள்தளிருக்குப் போர்வையாக இருந்தன. அக்டோபர் வந்துவிட்டது, இனி வெட்டலாம். பச்சைத் தண்டு தெரியும் இடம் வரைக்கும் வெட்டுங்கள்.

அன்புடன்.