ப்ளீச்சும் தங்கத் துகளும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. தினமும் ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில்தான் கை. உடம்பில் ஏறிய ப்ளீச்சை நானோ சென்சார் ஒளிர்ந்து காட்டுமாமே? சென்னையில் எங்கே பார்க்கலாம்?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: லேப் லேபாக அலைய வேண்டாம். ப்ளீச்சில் வேலை செய்யும் சரக்கு ஹைப்போகுளோரஸ் அமிலம். தோலிலோ மூச்சுக்குழாயிலோ பட்டதும் அங்கேயே புரதத்தோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும், ரத்தத்தில் தங்காது. கிருமியைக் கொல்ல நம் வெள்ளையணுக்களே இதே அமிலத்தைத் தயாரிக்கின்றன. ஆகவே சென்சார் ஒளிர்ந்தாலும், பக்கெட்டிலிருந்து வந்ததா, காய்ச்சலால் வந்ததா என்று சொல்ல முடியாது. அம்மாவுக்கு இருமல், இழுப்பு இருந்தால் நெஞ்சக மருத்துவரிடம் காட்டி, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி செய்யுங்கள். டாய்லெட் ஆசிட்டையும் ப்ளீச்சையும் ஒரே பக்கெட்டில் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

கேள்வி: சானிடைசர், கிருமிநாசினி வைப்ஸில் வரும் பென்சல்கோனியம் குளோரைடைத் தங்க நானோ துகளால் சிறுநீரில் கண்டறிய முயல்கிறேன். எந்தச் சிறுநீரை ஊற்றினாலும் நீலமாகிறது. ஏன்?
– முதுகலை மாணவர், தரமணி

பதில்: முதலில் உப்பைச் சந்தேகப்படுங்கள். சிட்ரேட் பூசிய 13 நானோமீட்டர் துகள்கள் எதிர்மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளி நிற்பதால்தான் கரைசல் மாதுளைச் சாறு போலச் சிவப்பாக இருக்கிறது. நேர்மின்னேற்றம் கொண்ட பென்சல்கோனியம் அந்தத் தள்ளலைக் கெடுக்க, துகள்கள் திரண்டு கரைசல் நீலமாகும்; ஒளியை உறிஞ்சும் அளவில் 520 நானோமீட்டர் அலைநீள உச்சி தாழ்ந்து 650 பக்கம் எழும்பும். சிறுநீரின் சோடியமும் இதையேதான் செய்கிறது. சிஸ்டீன் போன்ற கந்தகச் சேர்மங்களும் துகளில் ஒட்டிக்கொள்ளும். ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் கசிபவரின் சிறுநீரில் நேர் எதிர்: புரதம் துகளைப் போர்த்திக்கொள்ள, பென்சல்கோனியம் இருந்தும் நிறம் மாறாது.

மாதிரியை அயனி நீக்கிய நீரில் 20 மடங்கு நீர்க்கச் செய்யுங்கள் (கேன் தண்ணீர் ஆகாது, அதிலும் உப்பு உண்டு). கிருமிநாசினி தொடாதவரின் சிறுநீரையும் அதே அளவு நீர்த்து 10 நிமிடம் வையுங்கள். அது சிவப்பாக நின்றால் மட்டுமே மேலே போகலாம். நிற்காவிட்டால் இன்னும் நீர்க்க வேண்டும், உணர்திறன் குறைவதைத் தாங்கித்தான் ஆக வேண்டும். பிறகு அதே மாதிரியில் தெரிந்த அளவு பென்சல்கோனியத்தைப் படிப்படியாகச் சேர்த்து 650/520 விகிதத்தை வரையுங்கள். வெறும் தண்ணீரில் போட்ட அளவுக்கோடு சிறுநீருக்குப் பொருந்தாது.

இந்தப் பொருள் கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும். நேற்று கரைத்து வைத்த நீர்த்த தரக்கரைசல் (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) இன்று குறைவாகக் காட்டும். தினமும் புதிதாகத் தயாரியுங்கள். மேசையைத் துடைத்த வைப்ஸிலும் இதே சரக்கு இருக்கலாம் என்பதால், பிப்பெட்டைத் தொடும் முன் கையுறையை மாற்றுங்கள்.