மரக்கட்டையைத் திருப்பி வைத்தீர்களா?

அன்புள்ள ஐயா,
விடுமுறை நாள்களில் ஆனைமலைப் பக்கம் பூச்சிகளையும் தவளைகளையும் மேக்ரோ லென்ஸில் படமெடுக்கிறேன். சென்ற மழைக்காலத்தில் மட்கிய மரக்கட்டை ஒன்றைப் புரட்டி, அடியிலிருந்த சிறு தவளையைப் பாசியின்மேல் வைத்து எடுத்த படம்தான் என் படங்களில் சிறந்தது. பள்ளியில் கண்காட்சி வைத்தால் பிள்ளைகளுக்குச் சிற்றுயிர்கள்மேல் அக்கறை வருமா? அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்?
ஒரு வாசகர், பொள்ளாச்சி

அன்புள்ள தம்பி,

அக்கறை வரும். சிட்னியில் உண்ணிகளை ஆராய்ந்துவந்த யூர்கன் ஓட்டோ, 2005இல் காலடியில் கண்ட ஐந்து மில்லிமீட்டர்ச் சிலந்தியைப் பின்னர் படமெடுத்துக் காட்டியிராவிட்டால், மயில் சிலந்தியின் அழகை இத்தனை பேர் அறிந்திருக்க மாட்டார்கள். லென்ஸைப் பற்றிக் கடைக்காரர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

ஆனால், கட்டையைப் புரட்டியதைப் பெருமையோடு எழுதிய நீங்கள், அதைத் திருப்பி வைத்ததாக எழுதவில்லை.

ஆனைமலையில் கிடைத்ததை வைத்து ஆங்கிலேய இயற்கையியலாளர் பெடோம் 1878இல் விவரித்த கேலக்ஸி தவளையைப் பற்றியே சில காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கருமேனியில் வெளிர்நீலப் புள்ளிகள் தெளித்த, விரல் நுனியளவேயான உயிர் அது. அதன் பேரினத்தில் வேறோர் இனம் இல்லை. கேரள மலைக்காடொன்றில் 2020இல் ஆய்வாளர் ஒருவர் ஏழு தவளைகளைக் கண்டார். பெருந்தொற்றுக்குப் பின் அவர் மீண்டும் போனபோது கட்டைகள் புரண்டும் செடிகள் மிதிபட்டும் கிடந்தன, தவளைகள் இல்லை. படமெடுக்க வந்த குழுக்கள் அவற்றைக் கையிலெடுத்து, அழகான இடங்களில் வைத்துப் படம்பிடித்ததில் இரண்டு இறந்தன என்று வழிகாட்டி சொன்ன செய்தி 2025 டிசம்பரில் வெளிவந்தது. அவர்களும் தங்களை இயற்கையை நேசிப்பவர்களாகவே எண்ணியிருப்பார்கள்.

தவளை தோலாலும் மூச்சுவிடுகிறது. அதற்குத் தோல் ஈரமாக இருக்க வேண்டும். நம் கையின் உப்பும், கொசுவுக்குப் பூசிய களிம்பும், வேறோர் ஓடையில் தவளையைத் தொட்டபோது ஒட்டிய பூஞ்சையும் அந்தத் தோலுக்குத்தான் போய்ச் சேர்கின்றன. என் பாட்டி விறகடுக்கின் அடிக்கட்டையை எடுக்கவே விடமாட்டார். 'தேரை குடியிருக்கிற இடம்' என்பார். இத்தனை படித்த உங்களுக்கு அது ஏன் தோன்றவில்லை?

மேக்ரோ படத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் மில்லிமீட்டர் கணக்கில்தான். அதற்கப்பால் எல்லாம் கருத்துவிடுகிறது அல்லது பச்சையாக மங்குகிறது. அதைப் பார்க்கும் பிள்ளை தவளையின் கண்ணை அறிவாள். மட்கும் கட்டையும் இலைச்சருகும் காத்துவைக்கும் ஈரம் இல்லாமல் அந்தக் கண் இல்லை என்பதை எப்படி அறிவாள்? விழுந்த மரத்தை விறகாகவோ குப்பையாகவோ மட்டும் பார்க்கும் ஊருக்கு நாம் காட்ட வேண்டியது அந்தக் கட்டையைத்தான். அகலக்கோண லென்ஸில் அதைக் கிடந்த இடத்திலேயே எடுங்கள். தவளை தானாக வெளியே வந்தால் அதனோடு, வராவிட்டால் அது இல்லாமலே. கட்டையையும் அதில் முளைத்த காளானையும் சுற்றியுள்ள சருகையும் சுவர் நிறையப் பெரிதாக அச்சிட்டு, பக்கத்தில் தவளையைச் சிறிதாக மாட்டுங்கள்.

கண்காட்சிக்கு அழையுங்கள், கட்டாயம் வருகிறேன். பாசியின்மேல் வைத்தெடுத்த அந்தப் படத்தை மட்டும் சேர்க்காதீர்கள். எங்கே எடுத்தது என்று யார் கேட்டாலும், ஆனைமலை என்பதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லாதீர்கள்.