டெபாசிட் கேட்கும் ஓட்டலும் கிரெடிட் கார்டு இல்லாத பயணியும்

கேள்வி: நானும் என் மனைவியும் தை மாதம் திருச்சியிலிருந்து விமானம் ஏறி, சிங்கப்பூரில் நான்கு இரவும் கோலாலம்பூரில் மூன்று இரவும் தங்கவிருக்கிறோம். அறை வாடகையை முழுமையாகக் கட்டிவிட்டோம். ஆனாலும் அறைச் சாவி வாங்கும்போது டெபாசிட்டுக்குக் கிரெடிட் கார்டு தர வேண்டும் என்று பதிவுச் சீட்டில் இருக்கிறது. ஓய்வூதியக் கணக்கின் ஏடிஎம் கார்டைத் தவிர என்னிடம் வேறு கார்டு இல்லை. சென்னையில் உள்ள மகன் தன் கார்டு எண்ணைத் தருவதாகச் சொல்கிறான். அது செல்லுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: மகனுடைய எண்ணை நம்பிப் புறப்பட வேண்டாம். அறை எடுப்பவரின் பெயரிலேயே கார்டு இருக்க வேண்டும் என்றும், அதை நேரில் காட்ட வேண்டும் என்றும் பெரும்பாலான ஓட்டல்கள் கேட்கின்றன. வேறொருவர் கார்டை ஏற்கும் ஓட்டல்கூட, மகன் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லும்.

நீங்கள் கட்டியது வாடகை மட்டுமே. அறையில் ஏதேனும் உடைந்தாலோ, சாப்பாட்டுக் கணக்கு பாக்கி நின்றாலோ ஈடுகட்டுவதற்காக ஓட்டல் தனியே கேட்பதுதான் டெபாசிட். கிரெடிட் கார்டில் அந்தத் தொகை கடன் வரம்பிலிருந்து சில நாள் பிடித்து வைக்கப்படுகிறதே தவிர, உங்கள் பணம் எதுவும் நகர்வதில்லை. ஏடிஎம் கார்டிலோ உங்கள் சொந்தப் பணமே முடங்கும். அறையைக் காலிசெய்த அன்றே ஓட்டல் விடுவித்தாலும், அது இரண்டு வங்கிகளைக் கடந்து கணக்குக்குத் திரும்பச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகலாம்.

நானே இதில் பட்டிருக்கிறேன். கோலாலம்பூரில் ஓர் ஓட்டலில் டெபாசிட் தொகையைப் பிடித்து வைப்பதற்குப் பதிலாக, விற்பனையாகவே கார்டில் தேய்த்துவிட்டார்கள். பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்து பாஸ்புக்கை அச்சிட்டபோது பற்று மட்டுமே இருந்தது, வரவு இல்லை. மூன்றாவது வாரம் பணம் வந்தது. ஆனால் கழித்தபோது இருந்த மாற்று விகிதம் வேறு, திரும்பியபோது இருந்தது வேறு என்பதால் தொகை குறைந்திருந்தது. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கென வங்கி எடுத்த கட்டணமும் திரும்பவில்லை. அன்று கவுண்டரில் கொடுத்த துண்டுச் சீட்டை நான் படித்துப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டதே பிழை. பிடிப்பா, விற்பனையா என்பது அதில்தான் அச்சாகியிருக்கும்; அங்கேயே கேளுங்கள்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது, ஃபிக்சட் டெபாசிட்டின் பேரில் கிரெடிட் கார்டு வாங்குங்கள் என்பதே. பல வங்கிகள் இதைத் தருகின்றன. சம்பளச் சான்று தேவையில்லை என்பதால் ஓய்வூதியர்களுக்கு இது மிகவும் ஏற்றது. போட்ட தொகையில் ஒரு பகுதி கடன் வரம்பாகக் கிடைக்கும், வட்டியும் நிற்காது. கார்டு வீடு வந்து சேர நாளாகும் என்பதால் கார்த்திகையிலேயே கிளைக்குச் செல்லுங்கள். அப்போதே அதை வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, புதிய கார்டுகள் உள்நாட்டில் மட்டுமே இயங்கும் நிலையில்தான் கைக்கு வருகின்றன. ஏடிஎம் கார்டையே கொண்டு சென்றாலும் இதைச் சரிபாருங்கள். நள்ளிரவில் சாவிக்காக நிற்கும்போது கார்டு மறுக்கப்பட்டால் அங்கிருந்து சரிசெய்வது சிரமம்.

கார்டு வந்து சேராவிட்டால், டெபாசிட்டை ரொக்கமாக வாங்கிக்கொள்வீர்களா, எவ்வளவு என்று இரண்டு ஓட்டல்களுக்கும் இப்போதே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தொகையைச் சிங்கப்பூர் டாலராகவும் ரிங்கிட்டாகவும் இங்கேயே மாற்றித் தனி உறையில் வையுங்கள். ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள். விடியற்காலை விமானமென்றால், பணத்தைத் திருப்பித் தர அந்நேரத்தில் ஆள் இருப்பார்களா என்று முதல் நாள் இரவே கேட்டுவிடுங்கள். மலேசியாவில் வெளிநாட்டினரிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி 2017 முதல் வாங்குகிறார்கள். வாடகையில் அது சேராதிருந்தால் கவுண்டரில் கட்ட வேண்டும். டெபாசிட்டைப் போல அது திரும்பி வராது.

கேள்வி: ஃபாரெக்ஸ் கார்டை டெபாசிட்டுக்குக் கொடுக்கலாமா?
— வாசகி, மேலப்பாளையம்

பதில்: கொடுக்காமலிருப்பதே நல்லது. அதில் இருப்பது பயணச் செலவுக்காக நீங்கள் முன்கூட்டி வெளிநாட்டு நாணயமாக ஏற்றிய பணம். பிடித்து வைத்த தொகை விடுபடும் வரை, பயணச் செலவுக்கு அந்த அளவு குறைந்துவிடும். கார்டு தரும் வங்கிகளே இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரிப்பதுண்டு. அறையைக் காலிசெய்யும்போது இறுதிக் கணக்கைத் தீர்க்க மட்டும் அதைக் கொடுங்கள். அப்போது ரூபாயில் கழிக்கட்டுமா என்று கேட்டால் மறுத்து, அந்த நாட்டு நாணயத்திலேயே கழிக்கச் சொல்லுங்கள்.