காப்பிப் பணத்தில் இலங்கைக்குப் போகலாமா?

கேள்வி: ஏற்காட்டில் நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன், வயது 57. படுத்த படுக்கையாக இருந்த கணவரை ஆறு ஆண்டுகள் கவனித்ததில் முதுகும் தூக்கமும் கெட்டுவிட்டன; சென்ற ஆண்டு அவரும் காலமானார். இலங்கையின் பெந்தோட்டையில் 14 நாள் ஆயுர்வேதச் சிகிச்சைக்கு, விமானக் கட்டணம் சேர்த்து 3,40,000 ரூபாய் கேட்கிறார் சென்னை முகவர். காப்பிப் பழமும் மிளகும் விற்ற 5,20,000 ரூபாய் வங்கியில் உள்ளது. 7 சதவீத வட்டியில் போட்ட 3 லட்ச ரூபாய் இரண்டு ஆண்டு வைப்பு அக்டோபரில் முதிர்கிறது. கையிலுள்ள பணத்தைக் கட்டலாமா, நகையை அடகு வைக்கலாமா?

பதில்: அம்மா, நீங்கள் போய்வர வேண்டும் என்பதே என் கருத்து, ஆனால் வங்கியிலுள்ள தொகை முழுவதும் உங்கள் பயணத்துக்கானது அன்று. உங்கள் கடிதக் கணக்குப்படி உரம், களை, நிழல் மரக் கிளை கழித்தல் ஆகியவற்றுக்கு 1,60,000 ரூபாயும், நவம்பரில் பறிப்பு தொடங்கியதும் வாரந்தோறும் தர வேண்டிய கூலிக்கு 1,00,000 ரூபாயும் வேண்டும். பழம் விற்றுப் பணம் வருமுன்பே கூலி கொடுத்தாக வேண்டியிருப்பதால், அந்தப் பணத்தில் கைவைத்தால் பழுத்த பழம் செடியிலேயே உதிரும். மீதி 2,60,000 ரூபாய் மட்டுமே உங்களுடையது.

செலவோ முகவர் சொன்னதோடு நிற்காது. விமானமும் தங்குமிடமும் சேர்ந்த வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு, 2025-26 நிதியாண்டில் 10 லட்சம் வரை 5 சதவீதம் டி.சி.எஸ். (முகவரே முன்கூட்டி வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி) வசூலிக்கப்பட்டது, அந்த விகிதத்தில் உங்களுக்கு அது 17,000 ரூபாய். காப்பியைப் பதப்படுத்தாமல் பழமாகவே விற்பதால் உங்கள் வருமானம் வேளாண் வருமானம். அதற்கு வருமான வரி இல்லை. ஆயினும் பான் எண்ணைக் கொடுத்து, வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால்தான் அந்த 17,000 திரும்பி வரும். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

நகையைத் தொட வேண்டாம். வைப்பை ஜூலையில் உடைத்து, அதற்கு அபராதமாக வங்கி ஒரு சதவீத வட்டியைக் குறைத்தால், அதுவே 21 மாதத்துக்கு 5,250 ரூபாய் ஆகும். அதற்குப் பதில், பெரும்பாலான வங்கிகள் வைப்பு வட்டிக்கு மேல் ஒரு சதவீதம் வாங்கிக்கொண்டு அதன் பேரிலேயே கடன் தருகின்றன. குறையும் 97,000 ரூபாயோடு சிறிது சேர்த்து 1,10,000 ரூபாயை 8 சதவீதத்தில் மூன்று மாதம் வாங்கினால் வட்டி 2,200 ரூபாய். அக்டோபரில் வைப்பு முதிர்ந்ததும் அடைத்துவிடலாம்.

ஆகவே ஆடி மாதத்தில் செல்லுங்கள். அப்போது பறிப்பு இல்லை. தென்மேற்குக் கரையில் மழைக்காலமாதலால் கட்டணத்தைக் குறைத்துக் கேட்கவும் இடமுண்டு. கேரளத்தில் மழைக்கால ஆயுர்வேதமான கர்க்கடகச் சிகிச்சை நடப்பதும் இதே மாதத்தில்தான். முன்பணம் கட்டுமுன், இரத்த அழுத்தம் போன்ற காரணத்தால் அங்குள்ள மருத்துவர் சிகிச்சையை மறுத்தால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். புத்துணர்வுத் தங்கலை இங்குள்ள மருத்துவக் காப்பீடு ஏற்காது. பயணக் காப்பீடும் மருத்துவச் செலவில் பொதுவாக அவசர சிகிச்சைக்கு மட்டுமே உதவும்.

நான் சொன்ன கடன் தொகையில் இன்னொரு 12,000 ரூபாயும் அடங்கியிருக்கிறது. எண்ணெய்ச் சிகிச்சை முடிந்த உடம்போடு, சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் நின்றபடி ஏறாமல் காரில் வருவதற்கும், நீங்கள் பத்தியத்தில் இருக்கும் ஒரு வாரம் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரியின் கூலிக்கும் அது.