அசக்லசா என்பவர் யார்?

கேள்வி: பண்டைய லிசிய மொழிக் கல்வெட்டில் வரும் ‘அசக்லசா’ என்ற பதவி எதைக் குறிக்கிறது?

பதில்: துருக்கியின் தென்மேற்கில், சாந்தோஸ் நகரை அடுத்த லெட்டூன் கோயில் வளாகத்தில் 1973-இல் கிடைத்த, லிசியம், கிரேக்கம், அரமேயம் ஆகிய மும்மொழிகளில் பொறிக்கப்பட்ட கல்லே இதற்குத் துணை நிற்கிறது. பாரசீகப் பேரரசின் மாகாண ஆளுநர் பிக்சோடாரஸ், லிசியர்களுக்கு இரு ஆட்சியாளர்களையும் சாந்தோஸுக்கு எர்த்திமெலி என்பவரையும் நியமித்ததாக அக்கல் கூறுகிறது. எர்த்திமெலியின் பதவி லிசியத்தில் அசக்லசா என்றிருக்க, கிரேக்கப் பகுதி அதே இடத்தில் ‘எபிமெலெட்டெஸ்’, அதாவது மேற்பார்வையாளர், என்கிறது. இதை ‘நகர ஆளுநர்’ என்று பெயர்ப்பதும் உண்டு. எனக்கு அது சற்று மிகையாகப் படுகிறது. ஏதென்ஸில் கப்பல் தளங்களைக் கவனித்தோரும் அதே கிரேக்கப் பெயரால் அழைக்கப்பட்டதால், அச்சொல்லை மட்டும் கொண்டு அதிகார வரம்பை அளந்துவிட முடியாது. லிசியர் அனைவருக்கும் வேறு இருவர் இருந்தமையால், இவருடைய பொறுப்பு சாந்தோஸ் அளவில் நின்றது என்று கொள்வதே பொருத்தம்.