மூன்றாம் மணி நேரத்துக் கொலையாளி

கேள்வி: ஓய்வுபெற்ற துப்பறியும் நிபுணர் பல ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வரும் ஒலிப்புத்தகம் ஒன்றை வாங்கலாமா என்று, அதைக் கேட்டவர்களின் அபிப்பிராயங்களைப் படித்தேன். ஒருவர், ‘பழைய நண்பரை மறுபடி சந்தித்ததுபோல் இருந்தது’ என்று ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறார். இன்னொருவர், ‘குரல் சகிக்கவில்லை’ என்று ஒற்றை நட்சத்திரத்தோடு விரட்டுகிறார். மூன்றாமவர், ‘பதினொரு மணி நேரக் கதையில் மூன்றாம் மணி நேரத்திலேயே கொலையாளியைப் பிடித்துவிட்டேன்’ என்று மார்தட்டுகிறார். இவர்களில் யாரை நம்புவது? உட்கார்ந்து படிக்கச் சோம்பல்பட்டுக் காதில் மாட்டிக்கொள்கிறவர்களின் கருத்துக்கு மதிப்பு உண்டா?

பதில்: கேள்வியின் கடைசி வரியை முதலில் கவனித்துவிடுகிறேன். 1935-ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டனில் பேசும் புத்தகச் சேவை தொடங்கியது, முதல் உலகப் போரில் கண்ணிழந்து வீடு திரும்பிய வீரர்களை மனத்தில் வைத்துத்தான். இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு 25 நிமிடம். ஒரு நாவலுக்கு ஏறக்குறைய பத்துத் தட்டுகள். கொலை நடந்து, போலீஸ் வந்து, விசாரணை சூடுபிடிக்கும் நேரத்தில் தட்டின் அந்தப் பக்கம் தீர்ந்துவிடும். எழுந்து, தடவித் தடவித் தட்டைப் புரட்டிப் போட்டுவிட்டு மறுபடி உட்கார வேண்டும். அவர்களிடம் போய்ச் சோம்பலைப் பற்றிப் பேசுங்கள்.

அந்தச் சேவையில் முதலில் வெளிவந்தவற்றில் ஒன்று எது தெரியுமா? அகதா கிறிஸ்டி 1926-இல் எழுதிய ‘ரோஜர் அக்ராய்டின் கொலை’. அதில் துப்பறிகிறவர் வேலையை விட்டுவிட்டுக் கிராமத்தில் பூசணி இனத்துக் காய் வளர்க்க வந்த எர்க்யூல் பாய்ரோ. அலுப்புத் தாங்காமல் ஒரு காயை மதிலுக்கு மேல் வீசியெறிகிறார். அது பக்கத்து வீட்டு டாக்டரின் காதருகே பறக்கிறது. அறிமுகமே அப்படித்தான். ஆக, நீங்கள் புதுமை என்று நினைக்கும் ‘ஓய்வுபெற்றவர் திரும்பி வரும் ஒலிப்புத்தகம்’ இந்தக் கலையோடு கூடவே பிறந்தது.

இனி உங்கள் மூவர். நீங்கள் குறிப்பிட்ட புத்தகத்தை நானும் கேட்டேன். கேள்வியிலிருந்து அதன் பெயரை வெட்டிவிட்டேன். காரணம் போகப்போகத் தெரியும்.

ஐந்து நட்சத்திரக்காரர் புத்தகத்துக்கு மதிப்பெண் போடவில்லை. ஊருக்குப் போன மாமா திரும்பி வந்த சந்தோஷத்துக்குப் போட்டிருக்கிறார். தப்பில்லை. துப்பறிவாளர்களை ஓய்வெடுக்க விட்ட வழக்கமே வாசகர்களுக்கு இல்லை. 1868-இல் வில்கி காலின்ஸ் எழுதிய ‘சந்திரகாந்தக் கல்’ நாவலில் சார்ஜெண்ட் கஃப் ரோஜா வளர்க்கப் போய்விட்டு, கடைசியில் முடிச்சை அவிழ்க்க வந்து நிற்கிறார். ஷெர்லக் ஹோம்ஸை 1893-இல் அருவியில் தள்ளிய கானன் டாயில், 1903-இல் உயிரோடு கொண்டுவர வேண்டியதாயிற்று. பிறகு சசெக்ஸில் தேனீ வளர்க்க அனுப்பினார். அங்கேயும் ஒரு மர்ம மரணம் அவரைத் தேடி வந்தது. நீங்கள் அந்த மாமாவுக்கு ஏற்கெனவே மருமகனாக இருந்தால் இந்த அபிப்பிராயம் உங்களுக்குப் பயன்படும். புதியவர் என்றால், முதல் ஒரு மணி நேரம் முழுக்கப் பழைய வழக்குகளைப் பற்றிய பெருமூச்சு என்று மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்.

‘குரல் சகிக்கவில்லை’ என்பவரை நான் கொஞ்சம் நிற்கவைத்துக் கேட்பேன்: எப்படிச் சகிக்கவில்லை? ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினீர்களா? முந்தைய பாகங்களை வேறொருவர் வாசித்தார் என்பதுதான் கோபமா? அப்படியென்றால் அது துக்கம், விமரிசனம் இல்லை. ‘எல்லாப் பெண்களுக்கும் ஒரே கீச்சுக்குரல்’ என்று எழுதியிருந்தால் அது தகவல். ‘வாக்கியத்தின் வாலை விழுங்குகிறார்’ என்றால் அது பெரிய தகவல். வினைமுற்று கடைசியில் வரும் மொழி நம்முடையது. வாலை விழுங்கினால் அவர் கதவைப் பூட்டினாரா, பூட்டவில்லையா என்பதே போய்விடும். துப்பறியும் கதையில் அது போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

மூன்றாமவரிடம் எனக்குத் தனி அக்கறை. அவர் மூளையால் கண்டுபிடித்ததாக நினைக்கிறார். காதுதான் கண்டுபிடித்தது.

நம் துப்பறியும் கதைகளில் ஒரு பழைய தந்திரம் உண்டு. வந்தது ஆணா பெண்ணா என்பதை மறைக்க வேண்டும்; வினைமுற்றோ ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ‘ஓர் உருவம் வந்தது’ என்று அஃறிணையில் எழுதித் தப்பித்துக்கொள்வார்கள். அச்சில் அது செல்லும். அந்த உருவம் வாய் திறந்து பேசினால், வாசிப்பவர் என்ன செய்வார்? அஃறிணைக்குக் குரல் ஏது? இந்தப் புத்தகத்தில் நடுராத்திரியில் தொலைபேசி அடிக்கிறது. பெயர் சொல்லாத ஒருவர் இரண்டு வாக்கியம் பேசுகிறார். வாசித்தவர் மனசாட்சி உள்ளவர். கொலையாளிக்கு முன்பே கொடுத்திருந்த குரலை வேறாக மாற்றினால் ஏமாற்று வேலையாகிவிடுமே என்று, அதையே சற்று அமுக்கிப் பேசிவிட்டார். மூன்றாமவரின் காது அங்கே நிமிர்ந்துவிட்டது. ஆசிரியர் அரும்பாடுபட்டு மறைத்ததைத் தொண்டை சொல்லிவிட்டது. இதற்கு ஆசிரியரின் நட்சத்திரத்தைக் குறைப்பது என்ன நியாயம்?

இவர்கள் மூவரையும்விட நான் நம்புவது, நீங்கள் எடுத்துக்காட்டாத இன்னொரு வகையினரை. ‘பின்னால் போய் மறுபடி கேட்க வேண்டியிருந்தது’ என்று அலுத்துக்கொள்கிறவர்களை. துணி மடித்துக்கொண்டே கேட்டேன் நான். ஒரு சட்டையின் கையை நேராக்குவதற்குள் துப்பறியும் கிழவர் கடிகாரத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். முப்பது விநாடி பின்னால் தட்டினேன், காணோம். மறுபடி முப்பது. நான்காம் முறைதான் கிடைத்தது: கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, அதற்குச் சாவி கொடுக்க அந்த வீட்டில் ஆளில்லை. காகிதமாக இருந்தால் விரலைப் பக்கத்தில் செருகிக்கொண்டு ஒரு நொடியில் திரும்பியிருப்பேன். வாசகர் நினைத்தபோது பின்னால் புரட்டலாம் என்ற ஏற்பாட்டின்மேல்தான் தடயம் வைப்பவரின் நேர்மையே நிற்கிறது. காதுக்கு அந்த வசதி குறைவு. ஆகவே பின்னால் போகச் சிரமப்பட்டவர், கதையை உண்மையாகவே கேட்டவர். எந்த இடத்தில் தவறவிட்டார் என்பதையும் எழுதினார் என்றால் அவருக்கு நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

வாங்கலாமா என்றால், வாங்குங்கள். மாதிரிப் பகுதியில் இருவர் பேசும் இடம் வந்தால், ‘என்றார்’ என்ற சொல் வருவதற்கு முன்பே பேசியது யார் என்று தெரிகிறதா பாருங்கள். கிழவருக்கு வாசித்தவர் கொடுத்திருக்கும் மூச்சிரைப்பு, படியேறும் இடங்களில் மட்டும் வருகிறது, அதற்காகவே கேட்கலாம். மூன்றாம் மணி நேரத்தில் தொலைபேசி அடிக்கும்போது மட்டும் ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.